முகூர்த்தம் இல்லாத நாட்கள்

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. இனி ஒரு மாதத்துக்கு மண்டபத்துப் பக்கம் மாப்பிள்ளையும் வரமாட்டான், பெண்ணும் வரமாட்டாள், பாயசத்தில் முந்திரி இல்லை என்று என்னிடம் சண்டைக்கு வரும் சம்பந்தியும் வரமாட்டார். அப்பா இருந்தவரை ஆடி என்றால் சுவருக்கு வெள்ளையடிப்பார். நான் பாட்டுக் கச்சேரி வைக்கிறேன்.

போன புரட்டாசியில் பிடித்த கிறுக்கு இது. ஒரு பாட்டுக் குழு ரயிலைத் தவறவிட்டு எங்கள் மண்டபத்தில் தங்கியது. இடம் கொடுத்தவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கிளம்பும் முன் பாடினார்கள். சினிமாப் பாட்டு இல்லை, அவர்களே கட்டிய பாட்டு. ஏதோ கூட்டத்துக்குக் கட்டிய ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த மைக் செட்காரர், யாரும் சொல்லாமலே ஒரு மைக்கை எடுத்துவந்து அவர்கள் முன்னால் வைத்தார். அன்றைக்குப் பிடித்தது.

அதிலிருந்து, சங்கரன்கோவிலில் முகூர்த்தம் இல்லாத மாதங்களில், ஆவுடை மினி மஹாலில் சனிக்கிழமை சாயங்காலம் பாட்டு உண்டு. நாட்டுப்புறப் பாட்டுக்காரர்கள், சொந்தமாக எழுதி மெட்டுப் போட்டுப் பாடும் பிள்ளைகள். பாட ஆள் வந்துவிடுகிறார்கள். கேட்க ஆள் வருகிறார்களா என்று என்னிடம் கேட்கக் கூடாது.

மஹாலுக்கு என் பெயர். அப்பா வைத்தது. இதில் நடக்கும் முதல் கல்யாணம் என்னுடையது என்று நினைத்திருப்பார். இந்த ஊரில் என் பெயர் அச்சடிக்காத கல்யாணப் பத்திரிகை குறைவு. ஆனால் எல்லாம் 'இடம்' என்று போட்டிருக்கும் வரியில்.

ஜூலை 19, சனி

இந்த ஆடியில் முதல் கச்சேரி. ஒப்பாரியையும் தாலாட்டையும் கிட்டாரோடு பாடும் மூன்று பேர், மதுரைப் பக்கத்துப் பிள்ளைகள். கேட்க வந்தவர்களில் பாதிப்பேர் அம்மாவோடு சீட்டுப் போடும் பெண்கள். மீதிப்பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். ஒரு பெரியவர் நடுவில் எழுந்து, "டான்ஸ் எப்பம்மா வரும்?" என்று கேட்டார். வராது என்றேன். "அப்ப டிபனாச்சும் உண்டா?" என்றார். அதுவும் இல்லை என்றதும் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சவுண்டு நன்றாக இருந்தது. அதைச் சொல்ல வேண்டும். 'அருமைநாயகம் சவுண்டு சர்வீஸ்' என்று வேனில் எழுதியிருக்கும். அன்றைக்கு மைக்கை எடுத்துவந்து வைத்தவர்தான், ஊருக்கு நாயகம் அண்ணாச்சி. கல்யாண வீட்டில் காது கிழிகிற மாதிரி வைப்பவர், இந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் மூச்சு விடுவதுகூடக் கேட்கிற மாதிரி வைக்கிறார். கேட்டால், "அங்க யாரு பாட்டக் கேக்கா?" என்கிறார். மற்றபடி பெரிய ஞானி ஒன்றும் இல்லை. நேரத்துக்கு வரமாட்டார். கேசரியைக் கண்டால் வேலையை மறந்துவிடுவார்.

ஜூலை 20, ஞாயிறு

ஸ்பீக்கரை ஏற்ற வந்தபோது நாயகம் சொன்னார். மஸ்கட்டில் ஒரு கம்பெனி, மேடை நிகழ்ச்சிகளுக்கு ஒலி அமைக்கும் வேலை, ரெண்டு வருஷ ஒப்பந்தம். ஆவணி பிறந்ததும் கிளம்புகிறாராம். மகள் நாகர்கோவிலில் நர்சிங் படிக்கிறாள், தாய் இல்லாத பிள்ளை, அவளுக்காகப் போக வேண்டியிருக்கிறது என்றார். நல்ல விஷயம்தானே என்றேன்.

ஆடி முழுக்க இருப்பார். வேறு மைக் செட் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

ஜூலை 23, புதன்

காலையில் பேப்பர்காரரைப் பிடித்து நோட்டீஸ் வைக்கச் சொன்னேன். தறிக்கூடங்களில் இருக்கும் பெண்களுக்கு நேரில் போய்க் கொடுத்தேன். ஆட்டோவில் மைக் கட்டி ஊரைச் சுற்ற நாயகம் வந்தார். அவரே பேசினார். "சொந்தப் பாட்டு, சொந்த மெட்டு, வாங்க, வந்து கேளுங்க" என்று ஜவுளிக்கடைத் தள்ளுபடி சொல்கிற ராகத்தில். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது.

வீட்டில் அம்மா சாதம் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏட்டி, ஊரெல்லாம் அவுகள அண்ணாச்சின்னு கூப்புடுது. நீ எப்பிடிக் கூப்புடுத?"

யோசித்துப் பார்த்தேன். 'இங்க பாருங்க' என்பேன். 'கேட்டீங்களா' என்பேன்.

"வேல இருந்தா கூப்புடுவேன். பேரு எதுக்கு?"

"அதான் கேட்டேன்" என்று ரசத்தை ஊற்றினாள். அம்மாவுக்கு வர வர ஆராய்ச்சி அதிகமாகிவிட்டது.

ஜூலை 26, சனி

திருநெல்வேலியிலிருந்து ஒரு பெண் தனியாக வந்து பாடினாள். இரண்டாவது பாட்டில் கரண்டு போய்விட்டது. ஜெனரேட்டர் கிளம்ப மாட்டேன் என்று அடம் பிடித்தது. அந்தப் பெண் கவலைப்படவில்லை. மேடையை விட்டு இறங்கி, இருந்த கொஞ்சப் பேர் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பாட ஆரம்பித்துவிட்டாள். வெளிநாட்டில் இருக்கும் கணவன் போனில் பேசும்போது பின்னால் கேட்கிற ஊர்ச் சத்தங்களைப் பற்றிய பாட்டு.

மைக் இல்லாததால் நாயகத்துக்கு வேலை இல்லை. என் வரிசையில் வந்து உட்கார்ந்தார். நடுவில் ஒரு நாற்காலி விட்டு. இத்தனை மாதத்தில் இருவரும் உட்கார்ந்து ஒரு பாட்டை முழுசாகக் கேட்டது இதுதான் முதல் தடவை. அவர் எப்போதும் சவுண்டு மிக்சர் முன்னால், நான் எப்போதும் வாசலில். பாட்டு முடிகிறவரை கரண்டு வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். மண்டபம் நடத்துகிறவள் வேண்டுகிற வேண்டுதலா இது?

பாட்டு முடிந்ததும் கரண்டு வந்துவிட்டது. எழுந்து போய்விட்டார்.

ஜூலை 27, ஞாயிறு

நாற்காலி அடுக்கினேன். வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

நாளைக்குக் கோயம்புத்தூரிலிருந்து அமுதினியும் அவள் தம்பி நித்திலனும் வருகிறார்கள். அக்கா பாட்டு, தம்பி கிட்டாரும் உறுமியும். போனில் பார்த்து மயங்கிப் போய்க் கூப்பிட்டது. இவர்களுக்காவது கூட்டம் சேரட்டும் என்று ஃப்ளெக்ஸ் கடைக்குப் போன் செய்தேன். போட்டோவை அனுப்பிவிட்டேன், நாளைச் சாயங்காலம் ஆறு மணி, இன்னிசைக் கச்சேரி, மண்டபத்துப் பெயர், என் பெயர், வழக்கம்போலப் போட்டுவிடுங்கள் என்றேன். கடைக்காரர் "சரிக்கா, ராவோட ராவா கட்டிருவோம்" என்றார்.

ஆகஸ்ட் 2, சனி

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போன அம்மா மூச்சு வாங்க வந்தாள். "ஏட்டி, நம்ம மண்டபத்துல யாருக்குக் கல்யாணம்? அதுவும் ஆடியிலயா?"

போய்ப் பார்த்தேன். மேலே பிள்ளையார். இரண்டு பக்கமும் ரோஜாப்பூ. நடுவில் இதயம், அதற்குள் அமுதினியும் நித்திலனும் சிரிக்கிறார்கள். 'வரவேற்பு விழா. மாலை 6 மணிக்கு இன்னிசைக் கச்சேரி நடைபெறும். தங்கள் நல்வரவை விரும்பும், ஆவுடையம்மாள்.' அக்காளுக்கும் தம்பிக்கும் கல்யாணம் செய்து வைத்துவிட்டேன்.

கடைக்காரரைப் போனில் பிடித்துக் கத்தினேன்.

"மண்டபத்துலருந்து போன் வந்தா வேற என்னத்தக்கா போடுவோம்? ஆணும் பொண்ணுமா போட்டோ அனுப்பிச்சீக. வழக்கம்போலன்னு வேற சொன்னீக."

அவர் வழக்கம் அது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஊர் முழுக்கக் கட்டியாயிற்று, அவிழ்க்க ஆள் இல்லை.

ஆடியில் கல்யாண வரவேற்பு என்றால் இந்த ஊர் சும்மா இருக்குமா? என்ன அவசரமோ, எந்த வீட்டுப் பிள்ளையோ, ஓடிப்போய்க் கட்டியதோ என்று பார்க்கவே வந்தார்கள். எங்கள் மண்டபத்தில் கல்யாணம் செய்த குடும்பமெல்லாம், ஆவுடை கூப்பிட்டிருக்கிறாள், போகாமல் இருந்தால் மரியாதை இல்லை என்று பட்டுச்சேலையில் வந்தார்கள். கையில் ஹாட் பாக்ஸ், சுவர்க் கடிகாரம், மொய்க் கவர். மண்டபம் நிறைந்து வாசல் வரை நின்றார்கள். ஆவணியில்கூட இப்படி நிறைந்து நான் பார்த்ததில்லை.

நித்திலன் தலையில் அடித்துக்கொண்டான். "ஏனுங்க்கா, எங்கக்கா கூடவா? எங்கூர்ல எவனாவது பார்த்தா நான் செத்தேன்" என்றான். அமுதினி தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

அம்மாவுக்கு வேறு கவலை. "தப்போ சரியோ, வாசல் மிதிச்சவுகள வெறும் வயித்தோட அனுப்புனா உங்கப்பா பேரு என்னத்துக்கு ஆகும்?" என்று சமையல் மாஸ்டரைக் கூப்பிட்டு அண்டாவை ஏற்றச் சொல்லிவிட்டாள். தக்காளிச் சாதம், கேசரி.

மேடையேறி உண்மையைச் சொல்ல எனக்குக் கால் வரவில்லை. நாயகம் மைக்கை எடுத்தார். "எல்லாருக்கும் வணக்கம். இது கல்யாணம் இல்ல. இவுக அக்கா தம்பி. போர்டு தப்பாயிட்டு. ஆனா கச்சேரின்னு போட்டது நெசம். கொண்டாந்த சாமானத் திருப்பி எடுத்துக்கோங்க. பாட்டக் கேட்டுட்டு, சாப்ட்டுட்டுத்தான் போணும்." பிறகு எங்கிருந்தோ ஒரு பெண் சிரித்தாள். அப்புறம் மண்டபமே சிரித்தது. கட்டிய பட்டைக் கழற்றவா முடியும், உட்கார்ந்துவிட்டார்கள்.

பாட்டு பிடித்துக்கொண்டது. மில்லில் நைட் ஷிப்டு முடித்து வரும் பெண், தூக்கம் வராமல் பகலோடு சண்டை போடுகிற ஒரு பாட்டு. தறிக்காரப் பெண்கள் அதை இன்னொரு தடவை பாடச் சொன்னார்கள். இந்த ஊர் பாட்டை இன்னொரு தடவை கேட்டது! எனக்கு அழுகை வந்துவிட்டது.

இடைவேளையில் எல்லாரும் பந்திக்குப் போனார்கள். மைக் ஒயர் ஒன்று முனையில் விட்டுப்போயிருந்தது. மேடையில் ஓரமாகத் தள்ளி வைத்திருந்த மணமக்கள் நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்து நாயகம் அதைப் பற்றவைத்தார். செல்போன் வெளிச்சம் பிடிக்க நான் மற்றதில் உட்கார்ந்தேன். அப்போதுதான் கரிவலம் பக்கத்திலிருந்து கடைசிப் பஸ்ஸைப் பிடித்து வந்த ஒரு வயசான தம்பதி உள்ளே வந்தார்கள். அறிவிப்பு எதுவும் தெரியாது. நேராக மேடை ஏறினார்கள். மடியிலிருந்து மஞ்சள் அரிசியை எடுத்து எங்கள் தலையில் போட்டார்கள். அந்த அம்மா திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து என் நெற்றியில் வைத்தார்கள். நாயகம் நெற்றியிலும் வைத்தார்கள். சர்ச்சுக்குப் போகிற மனுஷன், தலையைக் குனிந்துகொடுத்தார்.

"நல்லா இருங்க. ஒருத்தர ஒருத்தர் விட்டுப் பிரியாம இருங்க."

அவர்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு நாயகம் ஒயரைப் பார்த்தார். நான் செல்போனைப் பார்த்தேன்.

"வெளிச்சத்த இந்தப் பக்கம் காட்டுங்க ஓனரம்மா" என்றார்.

காட்டினேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. அம்மா சித்திரான்னம் கிளறினாள். தலை சீவும்போது ஒரு அரிசி விழுந்தது.

'நாங்க இல்ல பாட்டி' என்று அவர் சொல்லியிருக்கலாம். மைக்கில் அத்தனை பேருக்குச் சொன்னவர், இரண்டு பேருக்குச் சொல்ல முடியாதா? சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நேற்றிலிருந்து இதையே போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

எழுதியே விடுகிறேன். அவர் மஸ்கட்டுக்குப் போகக் கூடாது. மகளுக்காகப் போகிறவரைத் தடுக்க நான் யார் என்பது வேறு விஷயம். எனக்கு அவர் இங்கே இருக்க வேண்டும். கச்சேரிக்கு ஆள் வந்தாலும் வராவிட்டாலும், வேன் வந்து வாசலில் நிற்க வேண்டும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஆடித் தபசு. ஊரே தேர் வீதியில். விளைந்த பருத்தியையும் வத்தலையும் சப்பரத்தின் மேல் வீசிச் சூறை விட்டார்கள். கோமதியம்மன் ஒற்றைக் காலில் தவம் நின்று தான் கேட்டதைப் பார்த்துவிட்டாள். எனக்கு இரண்டு காலும் தரையில்தான் இருக்கின்றன, வாய்தான் எழும்பமாட்டேன் என்கிறது.

கூட்டத்தில் நாயகம் நின்றார். மகள் கூட இருந்தாள், லீவுக்கு வந்திருக்கிறாள். "இவுகதான் பாட்டு வைக்கிற ஆவுடை மேடம்" என்று என்னை அவளுக்குக் காட்டினார். அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "தெரியும்ப்பா. நீங்க தெனமும் சொல்லுதீகளே" என்றாள். அவர் பஞ்சுமிட்டாய்க்காரரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

ஆகஸ்ட் 16, சனி

ஆடிக் கடைசி. கடைசிக் கச்சேரி. முக்கால் மண்டபம் நிறைந்தது, ஃப்ளெக்ஸ் இல்லாமலே. அந்தத் தறிக்காரப் பெண்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். போன வருஷம் என்றால் சாமிக்குத் தேங்காய் உடைத்திருப்பேன்.

முடிந்ததும் அவர் ஒயரைச் சுருட்டினார். மிக்சரையும் ஸ்பீக்கரையும் மைக்கையும் வேனில் ஏற்றவில்லை. "இதெல்லாம் இங்கனயே கெடக்கட்டும். புரட்டாசிக்கு வேணுமே" என்றார். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று காலையிலிருந்து மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தேன்.

"மஸ்கட்ல வெயில் ரொம்பவாம்" என்றேன்.

"ஆமா. இங்கன மட்டும் என்ன, குளுகுளுன்னா இருக்கு?"

"சாப்பாடு?"

"மலையாளி மெஸ் இருக்காம்."

ஒயர் சுருட்டி முடிந்துவிட்டது. அவர் போகவில்லை. "வேற ஏதாவது சொல்லணுமா ஓனரம்மா?"

"இந்த மிக்சருக்கு மூடி எங்க?" என்று கேட்டேன்.

நாற்பத்தொரு வயசு எனக்கு.

ஆகஸ்ட் 20, புதன்

போய்விட்டார். பிளேன் ஏறப் போகிற திருவனந்தபுரம் பஸ் மண்டபத்தைத் தாண்டித்தான் போகும். மாடி ஜன்னல்களைத் துடைத்தேன். துடைத்த ஜன்னலையே திரும்பத் திரும்பத் துடைத்தேன். எந்தப் பஸ் என்று தெரியாததால் எல்லாப் பஸ்ஸையும் பார்த்தேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

முகூர்த்தம். புது மைக் செட். பையன் காதுக்குள் ஆணி அடிக்கிறான். மாப்பிள்ளை வீட்டார் கேசரி போதவில்லை என்றார்கள். கேசரி என்ற சொல்லைக் கேட்டதும் பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் போய் நின்றுகொண்டேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

'வந்து சேர்ந்தேன். வேலை பரவாயில்லை' என்று முதல் வாரம் வந்த மெசேஜ்தான். 'நல்லது' என்று அனுப்பினேன். அதற்கு மேல் அவரும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. எழுதி எழுதி அழித்ததை எழுதியதாகச் சேர்க்க முடியாது.

அம்மா இன்றைக்கு நேராகவே கேட்டாள். "அவுக சர்ச்சுக்குப் போற வேதக்காரவுகன்னு யோசிக்கியா? எனக்கு ஒண்ணுமில்ல. நான் இருக்கும்போதே உனக்கு ஒரு துணைன்னா எனக்குத் தூக்கம் வரும்."

"போம்மா" என்றேன். போகவில்லை அவள். பக்கத்தில் உட்கார்ந்து பூ கட்டினாள்.

செப்டம்பர் 20, சனி

புரட்டாசி முதல் சனி. மண்டபம் மறுபடி எங்கள் கையில். சாயங்காலம் தூத்துக்குடியிலிருந்து கடல் பாட்டுக்காரர்கள். காது கிழிக்கிற பையனைக் கூப்பிட மனசு வரவில்லை. நானே ஸ்பீக்கரை இழுத்து வைத்து, ஒயரைக் குத்தினேன். சத்தமே வரவில்லை. பிள்ளைகள் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார்கள். கைபிசைந்து நின்றுவிட்டு, 'மிக்சரில் சத்தம் வரவில்லை' என்று மெசேஜ் போட்டேன்.

உடனே வீடியோ காலில் வந்துவிட்டார். கறுத்திருக்கிறார். முடி ஒட்ட வெட்டியிருக்கிறார். பின்னால் ஏதோ பெரிய மேடை, இரும்புக் கம்பிகள்.

"மிக்சரக் காட்டுங்க ஓனரம்மா. ம். அந்தச் செவப்புப் பட்டன அமுக்கிட்டீக. எடுங்க. மாஸ்டர் வால்யூம மெதுவா ஏத்துங்க. இப்பப் பேசுங்க மைக்ல."

செல்போனை நாற்காலியில் சாய்த்து வைத்தேன். ஆளில்லாத மண்டபம். மைக் முன்னால் நின்று "ஹலோ" என்றேன். என் குரல் சுவர் முழுக்க நிறைந்தது.

"இன்னும் ஏதாவது பேசுங்க. ஒரு வார்த்தையில லெவல் தெரியாது."

என்ன பேச? பாட்டுக்காரர்களின் பெயரைச் சொல்லலாம். திருக்குறள் சொல்லலாம். நாற்காலியில் இருந்த அந்தச் சின்ன முகத்தைப் பார்த்தேன். காதை ஒரு பக்கம் சாய்த்துக் காத்துக்கொண்டிருந்தார்.

"வந்துருங்க" என்றேன். "ஒப்பந்தம் முடிஞ்சதும் வேற எங்கயும் போயிராதீக. இங்க வந்துருங்க. எங்கூடயே இருங்க. நீங்க இல்லாம எனக்கு இங்க ஒண்ணும் கேக்கப் பிடிக்கல."

சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது, வாசலில் தெருவைப் பார்த்து நிற்கும் ஸ்பீக்கரின் ஒயரையும் சேர்த்துக் குத்தியிருக்கிறேன். எதிர்ப்பக்கம் டீக்கடையில் ரேடியோவை நிறுத்திவிட்டார்கள். அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு வந்து நின்றாள்.

செல்போனில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று கிட்டப் போனேன். போகவில்லை. அவர் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவ சொல்லு, ஆவுடை" என்றார்.

டீக்கடை வாசலில் ஆளுக்கு ஆள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். மைக்குக்குத் திரும்பிப் போய் முதலிலிருந்து சொன்னேன்.